அந்த ஆட்டம் பாம் சத்தம் எங்கே போனது?

நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நான் பெங்களூர் விவேக்நகரில் வளர்ந்தவன். எண்பதுகளில் நாங்கள் வெடித்த ஆட்டம் பாம் நெஞ்சுக்குள் இடிக்கும். இப்போது வாங்கும் வெடியில் அந்தச் சத்தம் இல்லை. உண்மையிலேயே மருந்தைக் குறைத்துவிட்டார்களா, இல்லை எனக்குத்தான் வயதாகிவிட்டதா? என் பையனுக்கு 13 வயது. நாங்கள் அப்போது கொல்லையில் செய்த நட்டு போல்ட்டு வெடியைப் பற்றி அவனிடம் சொல்லிவிட்டேன். செய்து காட்டச் சொல்லி நச்சரிக்கிறான். ஒரே ஒரு தடவை செய்து காட்டினால் என்ன?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: செய்து காட்டாதீர்கள். வெறுமனே 'வேண்டாம்' என்று சொல்லிப் பையனை அனுப்பவும் செய்யாதீர்கள். அவன் நண்பன் வீட்டுக் கொல்லைக்குப் போய்விடுவான். நாங்கள் எல்லாரும் அப்படிப் போனவர்கள்தான். காரணத்தைச் சொன்னால் அந்த வயதுப் பிள்ளைகளுக்கு நன்றாகப் புரியும். 25 வருடமாகப் பள்ளியில் வேதியியல் நடத்துகிற அனுபவத்தில் சொல்கிறேன்.

நானும் பெங்களூர்தான். அல்சூர் பக்கம், வரிசை வீடுகள். நீங்கள் சொல்கிற சத்தம் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. ஐப்பசி மாதத்துக் குளிர், விடியற்காலை நாலு மணி, அண்டாவில் வெந்நீர் கொதிக்கிற புகை, தலையில் ஒழுகுகிற நல்லெண்ணெய். குளித்து முடிப்பதற்குள் தெருக்கோடியில் யாரோ முதல் வெடியை வைத்துவிடுவார்கள். நம்மை முந்திக்கொண்டது யார் என்று தெரிந்தாக வேண்டும். ஈரத் தலையோடு வாசலுக்கு ஓடுவோம். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர்களுக்கு லட்சுமி பூஜை ராத்திரியும் அதற்கு மறுநாள் வருகிற பலிபாட்யமிப் பண்டிகையும்தான் முக்கியம். விடியற்காலை வெடி முழுக்க நம்முடையது. அவர்கள் ராத்திரி வெடிப்பார்கள். ஆக எங்கள் தெருவில் மூன்று நாள் புகை அடங்காது.

சரி, மருந்து விஷயத்துக்கு வருகிறேன்.

ஆட்டம் பாம் என்பது ஒரு சின்ன அட்டைப்பெட்டி, உள்ளே கொஞ்சம் மருந்து, மேலே பசை தடவி வரிந்து வரிந்து சுற்றிய சணல் நூல், அதற்கு மேல் பச்சைச் சாயம். சத்தத்தின் ரகசியம் மருந்தின் அளவைவிட அந்த நூலில்தான் அதிகம் இருக்கிறது. மருந்தை மட்டும் பிரித்துக் கொட்டிப் பற்றவைத்தால் 'புஸ்' என்று ஒரு வெளிச்சம் வந்து போய்விடும். அதே மருந்தை இறுக்கிக் கட்டினால் எரிகிற வாயு வெளியே போக வழியில்லாமல் அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏற ஏற மருந்து இன்னும் வேகமாக எரிகிறது. கூடு தாங்க முடியாத அந்த நொடியில் மொத்தமும் ஒரே அதிர்ச்சி அலையாக வெளியே வருகிறது. காதுக்கு முன்னால் நெஞ்சுக்குத் தெரிகிறதே, அது இந்த அலைதான்.

மருந்தும் மாறியிருக்கிறது, அதை மறுக்கவில்லை. பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவை மிக வீரியமானது, கூடவே மிக ஆபத்தானது. நெருப்பே வேண்டாம், ஒரு உரசல் போதும், ஒரு தட்டு போதும். 1992 ஜனவரியில் அந்தக் கலவையை வெடிபொருள்களில் சேர்க்கக் கூடாது என்று மத்திய அரசு தடை செய்தது. அதன் பிறகு பாம்களில் முக்கியமாக வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட், கந்தகம், அலுமினியப் பொடி. செய்கிறவர்கள் கைக்கும் கண்ணுக்கும் இந்தக் கலவை எவ்வளவோ மேல். சிவகாசியில் நாளெல்லாம் மருந்து அடைத்து உட்கார்ந்திருக்கிற தொழிலாளியை நினைத்துப் பார்த்தால், 1992-இல் வந்த தடைக்கு நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

அடுத்தது 1999 அக்டோபர். வெடிக்கிற இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி அளந்தால் 125 டெசிபலுக்கு மேல் (இன்னொரு அளவு முறையில் உச்சம் 145) சத்தம் வரக் கூடாது என்று விதி வந்தது. நம் சின்ன வயதில் அப்படி ஒரு உச்சவரம்பே கிடையாது. 2018-இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடை செய்து, பசுமைப் பட்டாசு மட்டும்தான் என்றது. நாக்பூரில் இருக்கிற நீரி (தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம்) அதற்கான கலவைகளை உருவாக்கிக் கொடுத்தது. அதன் நோக்கம் புகைத் துகளைக் குறைந்தது 30 சதவீதமாவது குறைப்பது. ஆக, 'மருந்தைக் குறைத்துவிட்டார்களா' என்றால், கொஞ்சம் குறைந்திருக்கிறது, கொஞ்சம் மாறியிருக்கிறது. ஆனால் நீங்கள் உணர்கிற வித்தியாசத்துக்கு அது மட்டும் காரணம் இல்லை என்பது என் முடிவு.

தூரத்தைக் கவனியுங்கள். வெடிக்கும் நமக்கும் உள்ள தூரம் பாதியானால் சத்தம் சுமார் 6 டெசிபல் கூடும். 4 மீட்டரில் 125 என்றால் 1 மீட்டரில் 137. நாம் அப்போது எங்கே நின்றோம்? ஊதுவத்தியைத் திரியில் வைத்துவிட்டு இரண்டு எட்டு. தைரியசாலி என்று பெயர் எடுக்க ஒரே எட்டு. இப்போது நீங்கள் பையனின் தோளைப் பிடித்து கேட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

நேரமும் மாறிவிட்டது. விடியற்காலைக் குளிரில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலே உள்ள காற்று கொஞ்சம் சூடாகவும் இருக்கும். அப்போது சத்தம் மேலே சிதறிப் போகாமல் வளைந்து தரைக்கே திரும்பும். தெருவில் ஒரு வண்டிச் சத்தம்கூட இருக்காது. மூன்றாவது தெருவில் வெடித்தது பக்கத்தில் வெடித்த மாதிரி கேட்கும். 2018 தீர்ப்பு ராத்திரி 8 முதல் 10 வரைதான் வெடிக்கலாம் என்றது. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் நேரத்தை மாற்றிக்கொள்ள நீதிமன்றம் பிறகு அனுமதி கொடுத்ததால், அங்கே காலை 6 முதல் 7, ராத்திரி 7 முதல் 8 என்று பிரித்துக்கொண்டார்கள். கர்நாடகத்தில் இருக்கிற நமக்கு ராத்திரி மட்டும்தான். நரக சதுர்த்தசி விடியலில் வெடிக்கிற நம் வழக்கம் இந்த ஊரில் அதோடு முடிந்தது. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. ராத்திரி எட்டு மணிக்கு வாகன இரைச்சலுக்கும் அபார்ட்மென்ட் சுவர்களுக்கும் நடுவில் வெடிக்கிற அதே பாம், அந்த நாலு மணி பாமாக எப்படிக் கேட்கும்?

வயதும் கொஞ்சம் காரணம்தான். வயதாக ஆகக் கூர்மையான உயர்ந்த ஒலிகள்தான் காதில் முதலில் மங்கும். வெடியின் 'டமாரில்' முன்னால் இருக்கிற அந்த வெட்டு போய், பின்னால் இருக்கிற 'தொம்' மட்டும் மிச்சம் நிற்கும். சின்ன வயதில் காதருகில் நிறைய வெடித்தவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும்.

இனி கொல்லைக்கு வருவோம்.

வாங்கிய வெடியை வாங்கினபடி வெடித்த பையன் எங்கள் தெருவில் ஒருவனும் இல்லை. குருவி வெடியைச் சரத்திலிருந்து பிரித்து ஒவ்வொன்றாகக் கையில் பற்றவைத்து எறிவது ஆரம்பப் பாடம். லட்சுமி வெடியின் திரிமேல் ஒட்டியிருக்கிற காகிதத்தை நகத்தால் கிள்ளி, திரியை நிமிர்த்தி, முனையில் மருந்து தெரிகிறதா என்று பார்ப்போம். நமுத்துப்போன வெடியை வெயிலில் காயவைப்போம், வெயில் இல்லாத வருடம் அண்டா அடுப்புக்குப் பக்கத்தில். (அம்மா பார்த்தால் முதுகு பழுத்துவிடும்.) அப்புறம் ஆட்டம் பாமின் மேல் கொட்டாங்கச்சி, அதற்கடுத்த வருடம் டால்டா டப்பா. டப்பா ஓட்டு வீட்டின் உயரத்தைத் தாண்டினால் அந்த வருடம் முழுக்க அதுதான் பேச்சு.

இந்தப் படிகள் எல்லாவற்றிலும் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது, எங்களுக்கு அது அப்போது தெரியாது. ஆட்டம் பாம் வெடிக்கும்போது பறப்பது காகிதமும் நூலும். காகிதத் துண்டு எவ்வளவு வேகமாகக் கிளம்பினாலும் காற்று அதை இரண்டு மூன்று மீட்டரில் பிடித்து நிறுத்திவிடும். அதன் மேல் கொட்டாங்கச்சியை வைத்த நிமிடம், பறக்கிற பொருள் மாறுகிறது. ஓடு சில்லுச் சில்லாகப் பறக்கும், முனையெல்லாம் கூர். டப்பாவில் தகரம். போல்ட்டில் இரும்பு. கனமான பொருளைக் காற்று நிறுத்தாது, சுவரோ உடம்போதான் நிறுத்தும்.

இந்த ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல ஒரு நல்ல உதாரணம் உண்டு. சிட்டி மார்க்கெட் பக்கத்துப் பழைய பேட்டையில் தாராமண்டல்பேட்டை என்று ஒரு இடம் உண்டு. ஹைதர் அலி, திப்பு காலத்து ராக்கெட் தயாரிப்போடு அந்தப் பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள். வாணம் விடுவது அதற்கு முன்பே உலகத்துக்குத் தெரிந்த வித்தைதான். மைசூர்க்காரர்கள் செய்த பெரிய மாற்றம், மருந்தை இரும்புக் குழாயில் அடைத்தது. இரும்பு அதிக அழுத்தத்தைத் தாங்கும், ஆகவே ராக்கெட் அதிக தூரம் போகும். 1780-இல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் கிழக்கிந்தியக் கும்பினிப் படை தோற்ற சண்டையில் அந்த ராக்கெட்டுகள் அவர்களுடைய வெடிமருந்து வண்டிகளைப் பற்றவைத்ததாகச் சொல்வார்கள். 2018-இல் சிவமொக்கா மாவட்டத்து நகரா கிராமத்தில் ஒரு பாழடைந்த கிணற்றைத் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்பு ராக்கெட்டுகள் கிடைத்தன. காகிதத்தில் இருக்கும்வரை வாணம், இரும்புக்கு மாறியதும் ஆயுதம். நட்டு போல்ட்டு வெடியும் இதே கதைதான். எங்களுக்கு யாரும் அப்போது இதைச் சொல்லவில்லை.

1986 தீபாவளி. எனக்கு 12 வயது. பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் தொழிற்பயிற்சி படித்துக்கொண்டிருந்தார். அவர்தான் எங்கள் தெருவுக்கு போல்ட்டு வெடியைக் கொண்டுவந்தவர். தீப்பெட்டி மருந்து, பொட்டு வெடிச் சுருள், இதெல்லாம்தான் அவருடைய சரக்கு. இங்கே ஒரு நிமிடம் நிறுத்தி இதைச் சொல்ல வேண்டும். 1992-இல் தடை செய்தார்கள் என்றேனே, அந்தக் கலவைக்கு விதியிலேயே விலக்கு கொடுத்த இடங்களில் இரண்டு: தீக்குச்சித் தலை, பொம்மைத் துப்பாக்கிக்கான காகிதப் பொட்டு. இரண்டிலும் அது கடுகளவு கடுகளவாகத் தனித்தனியே இருக்கும். சிவகாசியில் உரிமம் பெற்ற ஆலையே பாமுக்குள் வைக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிற அதே பொருளை, நாம் சுரண்டிச் சேர்த்து இரும்புக்குள் திருகி அடைத்துக்கொண்டிருந்தோம். திருகும்போது மரை உரசுகிற உரசலே அதற்குப் போதும். எத்தனையோ பேருக்குக் கையிலேயே வெடித்து விரல் போனது இதனால்தான். எங்களுக்கு அன்றைக்கு அது கையில் வெடிக்கவில்லை. அதற்கு ஒரே காரணம் அதிர்ஷ்டம்.

கொல்லையில் துவைக்கிற கல் ஒன்று, அதற்கு எதிரில் தகர ஷீட்டு அடித்த குளியலறை. அண்ணன் மூன்று தடவை கல்லில் எறிந்தார், மூன்று தடவையும் வெறும் 'டங்'. நாலாவது தடவை எறிந்தபோது நான் குளியலறைச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தேன். சத்தம் கேட்டதாகவே எனக்கு ஞாபகம் இல்லை. எல்லாச் சத்தமும் திடீரென்று நின்றுபோய் 'கொய்ங்' என்று ஒன்று மட்டும் காதுக்குள் ஓடியது. அண்ணன் புருவத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், விரலிடுக்கில் ரத்தம். நட்டு திரும்பி வந்து புருவத்தைக் கிழித்திருந்தது. அரை அங்குலம் கீழே என்றால் கண். அவர் அம்மா வாய் அசைவதைப் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை.

அந்த வருடம் என் தாய்மாமா தங்கவயலிலிருந்து வந்திருந்தார். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், பூமிக்குக் கீழே பாறைக்கு வெடி வைக்கிற வேலை. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம் அது. மாமா தீபாவளிக்கு ஒரு மத்தாப்பைக்கூடத் தொட மாட்டார், திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். பயந்த மனிதர் என்று நான் நினைத்திருந்தேன். அன்றைக்கு அவர் யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை. அண்ணனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுக் கொல்லைக்கு வந்தார். குளியலறைத் தகரத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அதில் ஆள்காட்டி விரலை விட்டுப் பார்த்தார். முழு விரலும் போனது. அப்புறம் என்னைக் கூப்பிட்டு அதே இடத்தில் நிற்கவைத்து, ஓட்டைக்கும் என் காதுக்கும் நடுவே உள்ளங்கையை வைத்தார். நாலு விரல்கடை.

"டேய், இது வேட்டு இல்ல. குண்டு," என்றார். காது அடைத்திருந்ததால் இரண்டாவது தடவை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

பிறகு ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, மிச்சமிருந்த போல்ட்டுகளைத் திருகாமல், தட்டாமல், ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் இறக்கினார். குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி. புஸ்ஸாகிப்போன வெடிகளைப் பொறுக்கப் போன என் தம்பியின் கையைப் பிடித்து நிறுத்திச் சொன்னார்: "சுரங்கத்துல வெடிக்காத துளைப் பக்கம் அரை மணி நேரத்துக்கு ஒருத்தன் போக மாட்டான். திரி உள்ள எரிஞ்சுட்டே இருக்கலாம். நீ ரெண்டு நிமிஷத்துல குனிஞ்சு ஊதிப் பாக்குற."

அந்த ஓட்டையை அப்பா அடைக்கவே இல்லை. காலையில் குளிக்கும்போது அதன் வழியாக வெயில் வந்து எதிர்ச் சுவரில் நாலணா அளவுக்கு ஒரு வட்டமாக விழும். வீட்டை இடிக்கிறவரை பத்துப் பன்னிரண்டு வருடம் அந்த வட்டத்தைப் பார்த்துத்தான் குளித்தேன்.

சாமராஜ்பேட்டை மின்ட்டோ கண் மருத்துவமனைக்கு ஒவ்வொரு தீபாவளிக்கும் பட்டாசுக் காயத்தோடு பிள்ளைகள் வருகிறார்கள். வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றவர்களும் அதில் உண்டு. 2025 தீபாவளியில் மத்தியப் பிரதேசத்தில் குழாயும் கார்பைடும் கொண்டு செய்த 'துப்பாக்கி'களால் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பிள்ளைகள், கண்ணில் அடிபட்டார்கள். வெடிக்கவில்லையே என்று குழாய்க்குள் எட்டிப் பார்த்தபோதுதான் பல கண்கள் போயின. காணொளியைப் பார்த்துச் செய்தவர்கள் பலர். நாங்கள் பக்கத்து வீட்டு அண்ணனைப் பார்த்துச் செய்தோம், உங்கள் பையன் உங்களைப் பார்த்துச் செய்வான். நீங்கள் ஒரு தடவை பத்திரமாகச் செய்து காட்டினால், பத்துத் தடவை நீங்கள் இல்லாத இடத்தில் அவன் செய்வான்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023 அக்டோபர் 7 அன்று அத்திப்பள்ளியில் ஒரு பட்டாசுக் கடையில் சரக்கு இறக்கும்போது தீப்பிடித்தது. பதினான்கு பேருக்கு மேல் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து தீபாவளி சீசன் வேலைக்கு வந்த இளைஞர்கள், படிக்கிற பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். நம்மில் பலர் வருடாவருடம் ஓசூர் ரோட்டில் போய்ப் பட்டாசு வாங்குகிற அதே ஊர். அந்த வருடம் நான் ஒன்றும் வாங்கவில்லை. அதற்கடுத்த வருடம் மறுபடி வாங்கினேன். வெடி எனக்குப் பிடிக்கும், இன்றைக்கும் பிடிக்கும். அதைச் செய்கிறவர், சுமக்கிறவர், விற்கிறவர் உயிரையும் சேர்த்துத்தான் அந்த டப்பா என் கைக்கு வருகிறது என்று தெரிந்து வாங்குகிறேன்.

ஆகவே உங்கள் பையனுக்கு என்ன செய்யலாம்? ஒரு ஆட்டம் பாமைத் தண்ணீரில் ஊறப்போட்டு, நன்றாக ஊறினதும் நூலைப் பிரிக்கச் சொல்லுங்கள். எவ்வளவு நூல், எவ்வளவு கொஞ்சம் மருந்து என்று அவனே பார்க்கட்டும். எங்கள் வகுப்பில் மாணவர்கள் அதிகம் வியந்தது இதற்குத்தான். நூல் என்ன செய்கிறது என்று கேளுங்கள், இரும்பாக இருந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள், அவனே சொல்லிவிடுவான்.

சத்தம் வேண்டுமானால் அதற்கும் வழி உண்டு. ஓசூரில் உங்களுக்குச் சொந்தக்காரர்களோ நண்பர்களோ கட்டாயம் இருப்பார்கள், பெங்களூர்த் தமிழருக்கு அங்கே ஆள் இல்லாமல் இருக்காது. முதல் நாள் ராத்திரியே போய்விடுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஆறு மணிக்குத் தெருவில் இறங்குங்கள். அங்கே அந்த ஒரு மணி நேரம் அனுமதி உண்டு. பருத்தித் துணி உடுத்தியிருக்கட்டும், கண்ணாடி போட்டிருக்கட்டும், நீளக் குச்சியில் ஊதுவத்தியைக் கட்டிக் கொடுங்கள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். திரிமேல் காகிதத்தைக் கிள்ளக் கற்றுக்கொடுங்கள், அது மட்டும் நம் காலத்து வித்தைகளில் கெடுதல் இல்லாதது. பற்றவைத்ததும் ஏழெட்டு எட்டு தள்ளி நிற்கட்டும். குளிர்க் காற்றில் அந்தத் தூரத்திலேயே நெஞ்சில் இடிக்கும். வெடிக்காவிட்டால் குனிந்து பார்க்க வேண்டாம், மாமா சொன்ன அரை மணி நேரம் போகட்டும், அப்புறம் தூரத்திலிருந்தே வாளித் தண்ணீரை அதன் மேல் ஊற்றுங்கள்.